800 கமிட்டுகளுக்குள் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி:
ரசீதுகளை பிடிஎஃப் கோப்புகளாக்க ஒரு கட்டற்ற மென்பொருள் நிரலகத்தைப் பயன்படுத்துகிறோம். புதிய பதிப்பை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியதிலிருந்து ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் விழுகிறது. பழைய பதிப்பில் இப்பிழை இல்லை. இடையில் ஏறத்தாழ 800 கமிட்டுகள் (நிரலில் செய்து பதிந்த மாற்றங்கள்) உள்ளன. எழுத்து வரையும் கோப்புகளைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் இரண்டு நாட்கள் படித்தும் எதுவும் புலப்படவில்லை. முறையான வழி உண்டா?

மறுமொழி 1:
படிப்பதை நிறுத்திவிட்டு, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியின் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். பழுதுள்ள கமிட் ஒன்றையும் பழுதில்லாத கமிட் ஒன்றையும் காட்டினால், கிட் நடுவிலுள்ள கமிட்டை எடுத்துத் தரும். அதைச் சோதித்து நன்று அல்லது பழுது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, தேட வேண்டிய பரப்பு ஒவ்வொரு முறையும் பாதியாகும். 800 கமிட்டுகளுக்குப் பத்துச் சோதனைகளே போதும். முடிந்ததும், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப ‘கிட் பைசெக்ட் ரீசெட்’ கொடுக்க மறவாதீர்கள்.

மறுமொழி 2:
அந்தப் பத்துச் சோதனைகளையும் ‘பைசெக்ட் ரன்’ மூலம் சோதனையைத் தானாக நடத்தும் ஒரு சிறு நிரலிடமே (ஸ்கிரிப்ட்) ஒப்படைக்கலாம். அது 0 திருப்பினால் நன்று, 1 திருப்பினால் பழுது. தொகுக்கவே முடியாத கமிட்டுகளுக்கு 125 திருப்பினால் கிட் அவற்றைத் தாண்டிச் செல்லும். ஸ்கிரிப்டை, கிட் கையாளும் நிரல் களஞ்சியத்துக்கு வெளியே வையுங்கள். இல்லையெனில் கமிட் மாறும்போது அதுவும் மாறிவிடக்கூடும்.

பிடிஎஃப்-இலிருந்து உரையைப் பிரித்தெடுத்து ஒப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரைவது தவறாக இருந்தாலும் உள்ளிருக்கும் உரை சரியாகவே இருக்கலாம் என்பதால், பாப்ளர் என்னும் பிடிஎஃப் கருவிகளைக் கொண்டு பக்கத்தைப் படமாக்கி ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூனிகோடில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலகத்தின் வேலை. அது இணைக்கப்படாவிட்டால் நீங்கள் விவரிக்கும் பிழையே தோன்றும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒன்பதாவது சோதனையில் கமிட் அகப்பட்டது. வரையும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. தொகுப்பு அமைப்புக் கோப்பில், கட்டாயமாக இருந்த ஹார்ஃப்பஸை விருப்பத் தேர்வாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கணினியில் தொகுக்கும்போது தேவைப்படும் அதன் மேம்பாட்டுத் தலைப்புக் கோப்புகள் இல்லாததால், எச்சரிக்கை எதுவுமின்றி அது விடுபட்டிருக்கிறது. அவற்றை நிறுவி மீண்டும் தொகுத்ததும் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. கமிட்டின் அடையாளத்தையும் இரண்டு படங்களையும் இணைத்து, ஹார்ஃப்பஸ் கிடைக்காதபோது தொகுப்பு எச்சரிக்க வேண்டும் என்று அத்திட்டத்தில் வழு அறிக்கை பதிந்திருக்கிறேன். எச்சரிக்கையைச் சேர்க்கும் நிரல் திருத்தத்தையும் (பேட்ச்) இன்றிரவு அனுப்புகிறேன்.