ஹேண்டிகேப் கணக்கில் சிறந்த எட்டு ஆட்டங்கள் மட்டும் ஏன்?

புல்வெளி:
கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார்; திறன் வேறுபட்டவர்கள் சமமாக மோத, ஒருவருக்கு எத்தனை அடி சலுகை என்று சொல்லும் எண்தான் ஹேண்டிகேப். அதைக் கணக்கிடக் கடைசி 20 ஆட்டங்களைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். சராசரி எடுப்பதோ அவற்றில் சிறந்த 8-க்கு மட்டும். மீதி 12-ம் நான் வியர்வை சிந்தி ஆடியவைதானே? என் ஹேண்டிகேப் 18. பார் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகள்) 72 உள்ள மைதானத்தில் நான் 90 அடிப்பேன் என்று எதிராளி எதிர்பார்க்கிறார். எனக்குப் பெரும்பாலும் 94, 95 தான் வருகிறது. இருபதுக்கும் சராசரி போடுவதே நியாயம்.

கணக்குப்பிள்ளை:
ஹேண்டிகேப் சராசரியைச் சொல்ல வந்த எண் அல்ல, நண்பரே. நன்றாக ஆடும் நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்வது. இருவரின் சராசரியும் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்போதும் 93-க்கும் 97-க்கும் நடுவே ஆடுகிறார். மற்றவர் ஒரு நாள் 86, மறுநாள் 104. உங்கள் முறையில் இருவருக்கும் ஒரே சலுகை. கை கூடிவரும் நாளில் இரண்டாமவரை யார் வெல்வது? போட்டிக்கு முன் வேண்டுமென்றே சொதப்பி எண்ணை ஏற்றிக்கொள்பவர்களுக்கும் அது வசதி.

தென்றல்:
இருவரும் வெறும் ஸ்கோரை வைத்தே பேசுகிறீர்கள். கணக்கில் ஏறுவது அதுவல்ல. ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்தவருக்கு அந்த மைதானத்தில் ஆகும் அடிகள்) கழித்து, சராசரி ஸ்லோப்பான 113-ஆல் பெருக்கி, மைதானத்தின் ஸ்லோப்பால் (தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்ற அளவு) வகுக்க வேண்டும். ரேட்டிங் 71.5, ஸ்லோப் 125 என்றால் 95-க்கு 21.2 வரும். ரேட்டிங் 69, ஸ்லோப் 110 உள்ள எளிய மைதானத்தில் அதே 95-க்கு 26.7. அன்றைய வானிலைக்கான திருத்தம் தனி.

புல்வெளி:
ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கத்தான் வேறு விதிகள் இருக்கின்றனவே! பார் 4 குழியில் எனக்கு ஒரு ஸ்ட்ரோக் (அடி) சலுகை இருந்தால், 11 அடித்தாலும் 7 என்றுதான் பதிவாகும். ஓராண்டில் என் மிகக் குறைந்த ஹேண்டிகேப்பைவிட 3 கூடினால், அதற்கு மேல் பாதிதான் ஏறும். 5-க்கு மேல் ஏறவே ஏறாது. இத்தனை பூட்டு போட்ட பிறகும் நேர்மையாக ஆடுபவரின் 12 ஆட்டங்களை ஏன் ஒதுக்க வேண்டும்? நீங்கள் சொன்ன அந்த இரண்டாமவர், இன்றைய முறையில் சலுகை குறைவதால் நேருக்கு நேர் மோதும்போது பெரும்பாலான நாள்களில் தோற்கத்தான் செய்வார். அது மட்டும் நியாயமா?

கணக்குப்பிள்ளை:
நேருக்கு நேர் ஆட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் ஆடும் போட்டியை எண்ணிப் பாருங்கள். சீராக ஆடாதவர்களில் யாராவது ஒருவருக்கு அன்று நல்ல நாளாக அமைந்தே தீரும். அதனால்தான் மொத்த அடிகளை எண்ணி ஆடும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம் மட்டுமே தரப் பரிந்துரைக்கிறார்கள். இருவர் குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளேயில் முழுவதும் உண்டு. 2020-இல் ஆறு வெவ்வேறு முறைகளை ஒன்றாக்கி உலக முறையைக் கொண்டுவந்தபோது, இருபதில் எட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய அமெரிக்க முறையில் பத்து இருந்தது.

புல்வெளி:
பத்து எட்டானது என்றால் அந்த எண் மாற்றக்கூடியதுதான் என்று ஆகிறது. இருபது ஆட்டங்களின் சராசரியையும் ஹேண்டிகேப்புக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். என்னுடன் ஆட வருபவர் இரண்டையும் பார்த்துவிட்டு வரட்டும்.