மறு: செல்லிலிருந்து வளர்க்கும் இறைச்சிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக நேற்று ஒருவர் முன்வைத்த ‘செயற்கை இறைச்சி’ என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. விலங்கின் செல்லை எடுத்து, ஊட்டக் கரைசலில் விட்டு, தொட்டியில் பெருக்குகிறார்கள். கடைசியில் கிடைப்பது தசைதான். இத்தாலி 2023இல் இதைத் தடை செய்தபோது இந்த இறைச்சியை எதிர்த்தவர்கள் உரக்கச் சொன்னதும் ‘செயற்கை’ என்ற பொருளுள்ள சொல்தான். சிங்கப்பூரோ 2020 டிசம்பரிலேயே இப்படி வளர்த்த கோழி இறைச்சிக்கு அனுமதி தந்துவிட்டது. வழக்கு நடக்கும்போதே கலைச்சொல் தீர்ப்பெழுதக் கூடாது.

‘வளர்ப்பு இறைச்சி’யிலும் சிக்கல். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2024 ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, வாவல், நெய்மீன் போன்றவற்றின் தசையைச் செல்லிலிருந்து வளர்க்க இறங்கியது. அதை ‘வளர்ப்பு மீன்’ என்றால் எல்லாரும் குளத்து மீன் என்றே நினைப்பார்கள்.

கோவை அண்ணன் சொன்ன ‘கறி’ கேரள எல்லையான வாளையாறு வரைக்கும்தான் செல்லும். இங்கே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மலையாளி கடையில் கறி கேட்டால் கடலைக் குழம்புகூட வரும்! ‘இறைச்சி’க்குத் தமிழ், மலையாளம் இரு பக்கமும் ஒரே பொருள்.

என் பரிந்துரை: திசு இறைச்சி, திசு மீன். வாழை போடுகிறவர்கள், ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றைக் குறிக்கும் ‘திசு வாழை’க்கு எப்போதோ பழகிவிட்டார்கள். அதே வழிதான்.

*

தம்பி, எல்லா இறைச்சியும் திசுதானே? சோயாவில் செய்வதை எங்கே வைப்பீர்கள்?
– பொள்ளாச்சியிலிருந்து

*

அக்கா, எல்லா வாழையும் திசுதான். கன்று வாங்கும்போது யாரும் குழம்புவதில்லை. சோயாவுக்கு ‘மீல்மேக்கர்’ ஊரறிந்த பெயராகிவிட்டது, அதைத் தொட வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக ‘மாற்றுப் புரதம்’ போதும். மத்திய அரசின் 2024 பயோஇ3 என்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கை ‘ஸ்மார்ட் புரதம்’ என்கிறது. விளம்பர வாடை!

அப்புறம், பொட்டலக் குறியீடு. மீல்மேக்கருக்குப் பச்சைப் புள்ளி. செல் விலங்கிலிருந்து வந்ததென்றால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் போடுவதே முறை என்பது என் கருத்து. சைவம் சாப்பிடுகிறவர் ஏமாறாமல் இருக்கப் பெயரிலேயே ‘இறைச்சி’ இருக்க வேண்டும். ‘செல் புரதம்’ என்ற யோசனையை அதனால்தான் ஏற்கவில்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.