வாய்க்கால் கரையில் இரவு நடைக்கு: பொட்டு அடிக்காத, பரந்து விழும் சின்ன டார்ச் எது?

கால்வாய்க்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கன்னடியன் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன். சர்க்கரைக்காக டாக்டர் சொன்ன நடை. தெருவிளக்கு கடைசி வீட்டோடு சரி. அதற்கு அப்புறம் மண்பாதைதான், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்.

கையில் இருப்பது ஒரு ஜூம் டார்ச். முன்பக்கத்தை இழுத்தால் தென்னை உச்சியில் சதுரமாக ஒரு பொட்டு விழுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நடக்கத்தான் முடியவில்லை. காலடியில் அடித்தால் ஓரிடம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகி, சுற்றியிருக்கும் இருட்டு இன்னும் கறுத்துப்போகிறது. உள்ளே தள்ளினால் வட்டம் பெரிதாகிறது, ஆனால் ஓரம் கத்தரித்தாற்போல நிற்கிறது. அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஈர மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கூசுகிறது என்கிறார். "இதுக்கு என் பழைய மூணு கட்டை பேட்டரி லைட்டே தேவலை" என்று பரணில் தேட ஆரம்பித்துவிட்டார்.

உள்ளங்கையில் அடங்குகிற, மென்மையாக அகலமாக விழுகிற வெளிச்சம் வேண்டும். எதிரே சைக்கிளில் வருகிறவர் முகத்தைச் சுளிக்கக் கூடாது. அப்பாவும் எடுத்துப் போவார், அதனால் பட்டனை அழுத்தினால் மின்னி மின்னி எரிகிற சோலியெல்லாம் வேண்டாம். 1000 லூமன், 2000 லூமன் என்று போட்டிருக்கிறார்களே, அவ்வளவு தேவையா?

களக்காட்டு வாழை:

தூரம் அடிக்கிற லைட்டைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. ராத்திரி வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போகும்போது தோப்பின் அந்தக் கோடியில் பன்றி நிற்கிறதா என்று இங்கிருந்தே பார்த்தாக வேண்டும். பரந்து விழுகிற லைட்டில் பத்தடிக்கு அப்பால் எல்லாம் சாம்பல்தான். பாம்பையும் தூரத்திலேயே பார்ப்பது நல்லதுதானே?

பாளை எலக்ட்ரிகல்:

அண்ணாச்சி சொல்வது அவர் வேலைக்குச் சரி. அவர் நின்று பார்க்கிறார், தங்கச்சி நடந்துகொண்டே பார்க்கிறார். நடக்கிறவருக்கு அடுத்த நாலைந்து எட்டுதான் முக்கியம், அதுவும் பாதையின் இரண்டு ஓரமும் சேர்த்து. பாம்பு நட்டநடுவில்தான் கிடக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா என்ன?

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சம். அதை எவ்வளவு அகலத்துக்குப் பங்கு வைக்கிறது என்பதில்தான் விஷயம். 10 பாகைக் கற்றை என்றால் இரண்டு மீட்டருக்கு முன்னால் விழும் வட்டம் 35 சென்டிமீட்டர், ஒன்றரைச் சாண். 60 பாகை என்றால் அதே தூரத்தில் 2.3 மீட்டர். கரைப்பாதை ஓரத்தோடு ஓரம் நிறைந்துவிடும். ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்பதற்கான அளவு கேண்டெலா. ஒரே 100 லூமனை 10 பாகைக்குள் அடக்கினால் 4000 கேண்டெலாவுக்கு மேல் வரும், 60 பாகைக்கு விரித்தால் 120 கேண்டெலாதான். கிட்டத்தட்ட முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். அப்பாவுக்குக் கூசுவது லூமனால் அல்ல, இப்படி ஓரிடத்தில் குவிவதால்.

டப்பாவில் 'பீம் டிஸ்டன்ஸ்' என்று ஒரு மீட்டர் கணக்கு இருக்கும். வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவுக்குக் குறைகிற தூரம் அது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்த மீட்டர் கிடைத்துவிடும். 120 கேண்டெலாவுக்கு 22 மீட்டர் வரும். ஆகவே ஒரே லூமன் போட்ட இரண்டு டார்ச்சில் எதற்கு மீட்டர் குறைவோ அதுதான் உங்களுக்கு. கடைக்காரர் 500 மீட்டர் என்று பெருமையாகச் சொன்னால் அந்தச் சரக்கைக் களக்காட்டு அண்ணாச்சிக்கு விட்டுவிடுங்கள்.

நடக்க 50 முதல் 100 லூமன் தாராளம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டையே பார்த்துக்கொண்டு நடந்தால் கண் அந்தப் பொட்டுக்குத்தான் பழகும், பக்கத்தில் இருக்கும் மங்கலான எதுவும் தெரியாது. உங்களுக்கு இருட்டு கறுத்துப்போவது இதனால்தான்.

புதிதாக வாங்குவதற்கு முன்னால் இருப்பதை ஒருமுறை சரிசெய்து பாருங்கள். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கண்ணாடிக் கதவுக்கு ஒட்டும் பால் நிறப் படலம் இருக்கும். வண்ணார்பேட்டைப் பக்கம் போனால் துண்டு துக்கடா சும்மாவே கொடுத்துவிடுவார்கள். டார்ச்சின் முகப்பைக் கவிழ்த்து வைத்து பென்சிலால் வட்டம் போட்டு, கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெட்டிக் கண்ணாடிமேல் ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் கிஃப்ட் பொதிகிற மங்கலான செல்லோடேப் போதும். சுண்ணாம்படித்த சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, ஒட்டும் முன்பும் ஒட்டிய பின்பும் அடித்துப் பாருங்கள். நடுப்பொட்டு கரைந்து ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் மங்கினால் ஜெயித்தாயிற்று. அதிக வெளிச்ச மோடில் நீண்ட நேரம் விடாதீர்கள், சூட்டில் படலம் பழுத்துவிடும்.

கால்வாய்க்கரை:

அண்ணாச்சி, ஸ்டிக்கர் கடைக்குப் போகவில்லை, வீட்டில் இருந்த மங்கல் டேப்பையே ஒட்டினேன். நம்ப முடியவில்லை! சுவரில் சதுரப் பொட்டு போயே போய்விட்டது. இரவு கரையில் அடித்தால் மதகின் கைப்பிடிச் சுவரும் இந்தப் பக்கத்து வரப்பும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். அவர் கையில் டார்ச் இருக்கும்போது சொந்த வேட்டியே பளீரென்று வெள்ளையடித்து அவருக்குக் கூசுகிறது. அப்புறம் நிறம் இன்னும் நீலம் கலந்த வெள்ளைதான். வேறு டார்ச் வாங்கினால் மஞ்சளாக வாங்கவா?

பாளை எலக்ட்ரிகல்:

வேட்டி வெளுப்பது பரந்த வெளிச்சத்தின் கூடவே வரும் குணம், முன்னே போவதோடு பக்கத்திலும் கீழேயும் சிந்தும். கையை இடுப்பருகே ஒட்டி வைக்காமல் ஒரு முழம் முன்னால் நீட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். அப்படியும் போதாவிட்டால் கண்ணாடியின் பின்பக்க ஓரத்தை, உடம்பைப் பார்த்த பக்கத்தை, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் பிறை மாதிரி மறைத்துவிடுங்கள். சைக்கிள்காரர் வந்தால் கட்டைவிரலை மேல் ஓரத்தில் வைத்தாலே அவர் முகத்துக்குப் போகிற வெளிச்சம் அடங்கிவிடும்.

அம்பை ரிட்டயர்டு:

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன் மகளே. 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, வாங்காதே. 3000 முதல் 4500 வரை கண்ணுக்கு இதம். அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. என்ற எண். நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் அது, 90க்கு மேல் இருக்க வேண்டும். மட்டமான எல்இடியில் சிவப்பு செத்துப்போய் சருகு, மண், காய்ந்த சாணி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கண்ணாடி விரியன் பழுப்பு உடம்பில் கரும்பழுப்பு வளையங்களோடு வாழைச்சருகில் அசையாமல் கிடக்கிற சாதி. சருகின் பழுப்பும் அதன் பழுப்பும் வேறு வேறாகத் தெரிந்தால்தான் கால் நிற்கும். கட்டு விரியன் கறுப்பில் வெள்ளை வரி போட்டது, எந்த வெளிச்சத்திலும் ஓரளவு தெரியும். ஆனால் அது ராத்திரியில்தான் நடமாடும். டார்ச் எவ்வளவு நல்லதானாலும் செருப்புக்குப் பதில் மூடின ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் கட்டுப்போட்டு, கீறி, மந்திரித்து நேரத்தை வீணாக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இன்னொன்று, ஐப்பசி மழை விட்ட இரவில் ஈசல் மொய்க்கும். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி கொஞ்சம் குறைவாக வரும். மழைக்குள்ளும் மஞ்சள் ஊடுருவும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். துளியின் அளவுக்கு நிறம் பெரிய வித்தியாசம் செய்யாது. விளக்கு கண்ணைவிட்டு எவ்வளவு தள்ளி, தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கடையம் மலையடி:

தலையில் மாட்டும் லைட் வாங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கை இரண்டும் சும்மா இருக்கும் என்று ஆசைகாட்டும். நெற்றியில் இருந்தால் கண்ணும் விளக்கும் ஒரே கோட்டில் இருப்பதால் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும், பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே இருந்து அடித்தால் சின்னக் கல்லும் நீளமாக நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஈசல் நேராக மூக்குக்கு வருவது தனி. மூடுபனியில் கண்முன்னால் வெள்ளைச் சுவர்.

அதனால் 'ட' வடிவில் வளைந்த டார்ச் பாருங்கள். கிளிப்பை இடுப்புவார்ப் பட்டையிலோ சட்டைப்பையிலோ மாட்டினால் வெளிச்சம் முன்னால் போகும். ஆர்மிடெக் விசார்ட் இந்தச் சாதி. அதன் லென்ஸ் நடுவில் 70 பாகை, ஓரச் சிதறலோடு 120 பாகை என்று விரிக்கிறது. விலைதான் கொஞ்சம் கை சுடும்.

எங்கள் பக்கம், சிவசைலம் பக்கமெல்லாம் இது எதுவும் பொருந்தாது. பன்றி இறங்கும், சில நேரம் கரடியும். மலையடிவாரத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் நடை என்றால் தெருவுக்குள்ளேயே நடங்கள்.

களக்காட்டு வாழை:

கரடி விஷயத்தில் கடையத்தாருக்கு ஒரு கும்பிடு. நானும் அந்த மங்கல் டேப்பை ஒரு பழைய லைட்டில் ஒட்டிப் பார்த்தேன். மடைவாய் அடைக்கும்போது கீழே குனிந்து வேலை செய்ய இதுதான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். தோப்புக்குப் போகையில் பழையதுதான்.

கால்வாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. டேப் ஒட்டிய டார்ச்சை வைத்தே இப்போதைக்கு ஓடுகிறது, ஆனால் அப்பாவுக்கு என்று ஒன்று தனியாக வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். செல் எது நல்லது? பெட்டிக்கடையில் கிடைக்கிற சின்ன கட்டையா, சார்ஜ் போடுகிறதா?

பாளை எலக்ட்ரிகல்:

சார்ஜ் போடும் 18650 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். 3000 எம்.ஏ.எச். கொள்ளளவு உள்ள நல்ல செல்லில் சுமார் 11 வாட்-மணி இருக்கும். 100 லூமனுக்கு ஏறக்குறைய ஒரு வாட் போதும், பத்து மணி நேரத்தை ஒட்டி எரியும். தினம் அரை மணி நடைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் சார்ஜரையே தேட வேண்டாம். சார்ஜ் ஆகும் ஏஏ கட்டை ஒன்றில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதன் நல்ல குணம் ஒன்றே ஒன்று, அவசரத்துக்கு முக்குக் கடையிலும் சாதாரண கட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 18650-இல் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்பார்கள், முழுப்பொய். அந்த உடம்புக்குள் 3500, மிஞ்சினால் 4000தான் அடங்கும்.

ஏஏ அளவிலேயே இருக்கும் 14500 லித்தியம் செல்லை, அதற்கென்று செய்யாத டார்ச்சில் போட்டுவிடாதீர்கள். மின்னழுத்தம் ஒன்றரைக்குப் பதில் 3.7 வோல்ட், உள்ளே இருப்பது கருகிவிடும்.

டார்ச் என்று கேட்டால் கான்வாய் எஸ்2 பிளஸ்ஸில் நிச்சியா 519ஏ எல்இடி, 4500 கெல்வின் போட்டு வருவது. குழாய் மாதிரி எளிமையானது, பின்னால் ஒரே பட்டன். மோட் வரிசையை மாற்றி மின்னி எரியும் ஸ்ட்ரோப்பே வராதபடி வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைக் கழற்றி 60 பாகை லென்ஸ் போடலாம், இல்லையென்றால் அதே பால் நிறப் படலம். சார்ஜர் தனியாக வாங்க வேண்டும், அதுதான் குறை. செல்போன் சார்ஜரிலேயே குத்த வேண்டும் என்றால் வுர்கோஸ் எஃப்சி11சி, அதிலும் 519ஏதான், ஆனால் பட்டனை எத்தனை முறை அழுத்தினால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். எதுவானாலும் ஜூம் வேண்டாம். முன்னும் பின்னும் நகரும்போது காற்றோடு மண்ணையும் மழைத்தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கால்வாய்க்கரை:

எஸ்2 பிளஸ், சார்ஜரோடு ஆர்டர் போட்டாயிற்று. கடைசியாக ஒன்று. அப்பா வேட்டி மடியில் செருகிக்கொள்வார், பட்டன் தானாக அமுங்கி உள்ளேயே எரிந்தால்?

பாளை எலக்ட்ரிகல்:

பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிட்டால் போதும், பட்டன் அமுங்கினாலும் எரியாது. வாங்கினவுடன் ஒருமுறை அப்படிச் செய்து பட்டனை அழுத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுங்கள். திருகில் மண் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.