சந்தையில் கை மதிப்பா, தராசா? ஆடு விற்கிறவங்க, வாங்கறவங்க பேசுங்க

கரிசல்காட்டான்:
ஏழு குட்டி கொண்டு போனேன். எல்லாம் வேம்பூர்ப் பொட்டுச் செம்மறி, அஞ்சரை மாசம், பல் போடாதது. முந்தின நாள் ராத்திரி வேப்பமரக் கொப்புல தொங்குதராசைக் கட்டி ஒவ்வொன்னா மாட்டிப் பாத்தேன். சராசரி 23 கிலோ. விடியுமுன்னே வண்டி பிடிச்சு எங்க பக்கத்துச் சந்தையில இறக்கினேன்.

முதல் வியாபாரி வந்தார். குட்டி முதுகுல கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல ரெண்டு விரலை வச்சு ஓர் அழுத்து. வாலடியைப் பிடிச்சுப் பாத்தார். நெஞ்சுக்கடியில கையைக் கொடுத்து ஒரு தூக்கு தூக்கி இறக்கினார். "கறி எட்டு விழும்"னார். அடுத்த ஆளும் எட்டுன்னார். மூணாவது ஆள் குட்டியைத் தொடவே இல்ல, எட்டுன்னார். பன்னெண்டு மணிக்கு வெயில்ல குட்டி வாயைப் பிளக்க ஆரம்பிச்சதும் ஒன்னு 7,200-னு மொத்தமா கொடுத்துட்டு வந்தேன்.

23 கிலோவுல 8 கிலோ கறின்னா நூத்துக்கு 35 கூட இல்ல. எந்தச் செம்மறிக்குட்டி அப்படி விழுது? வீட்டு விசேஷத்துக்கு அறுத்து நானே எடைபோட்டுப் பாத்திருக்கேன், 45 தாராளமா வருது. எனக்குக் கிடைச்சது உயிர் எடைக்குக் கிலோ 313. கொங்குப் பக்கம் பண்ணைக் குட்டி 400-க்குப் போகுதாம். குட்டிக்கு 2,000, ஏழுக்கு 14,000 போச்சு.

மிளகாவத்தலைத் தராசுல வைக்காம எவனும் வாங்க மாட்டான். பருத்தியும் அப்படித்தான். ஆட்டுக்கு மட்டும் ஏன் விரல்? சந்தையை ஏலம் எடுத்தவங்க தலைக்கு இவ்வளவுன்னு சுங்கம் வாங்கத்தானே செய்றாங்க? வாசல்ல முத்திரை வச்ச மேடைத்தராசு ஒன்னு கட்டாயம் போடணும். எடைச்சீட்டு இல்லாம வியாபாரம் கூடாது.

மேலப்பாளையம் கறிக்கடை:
அண்ணாச்சி, 22 வருசமா கறிக்கடை வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை எங்க ஊர்ச் சந்தை, சனிக்கிழமை எட்டயபுரம், ரெண்டுலயும் நின்னு வாங்குறவன். உங்க வருத்தம் புரியுது. கணக்கு மட்டும் முழுசா இல்ல.

நீங்க எடை போட்டது ராத்திரி, மேஞ்சு வந்து தண்ணி குடிச்ச வயிறு. விடியக்காலம் வண்டியில ஏறி, வெயில்ல நின்னு, புழுக்கை போட்டு, மூத்திரம் பேஞ்சு வர்றப்போ அது 21, 21 அரைதான் இருக்கும். மேய்ச்சல் குட்டி, பண்ணைக் குட்டி மாதிரி அடர்தீவனம் தின்னதில்ல. நூத்துக்கு 44 வைங்க, ஒன்பதரைக்குக் கொஞ்சம் கம்மி. எட்டுங்கறது குறைச்சல்தான், அதை மறைக்கல.

இப்ப என் பக்கம் பாருங்க. 9 கிலோ 400 கறி, எங்க தெருவுல கிலோ 800. அது 7,520. தலை, கால் 400. குடல் 200. ஆக 8,120. தோலைக் கேக்காதீங்க. ஒரு காலத்துல ஒரு தோல் காசுல அறுப்புக்கூலியும் கடைப் பையன் சம்பளமும் கழிஞ்சிரும். இப்ப சும்மா எடுத்துட்டுப் போனாலே போதும்னு இருக்கு. வண்டி, சுங்கம், அறுப்புக்கூலி, வாடகை, பையன் கூலி எல்லாம் குட்டிக்கு 500 வந்துருது. 7,200-க்கு வாங்கினா எனக்கு 420 நிக்கும். நீங்க சொல்ற 400 கணக்குல 9,200-க்கு வாங்கினா கறியைக் கிலோ 970-க்கு வித்தாத்தான் அசலே வரும். எங்க தெருவுல 970-க்கு அரைக்கிலோ வாங்குறவங்க கால் கிலோ ஆயிருவாங்க, இல்ல கோழிக்குப் போயிருவாங்க.

விரல் வைக்கிறது ஏமாத்த இல்ல. ரெண்டு குட்டியும் 22 கிலோ இருக்கும், ஒன்னுல முதுகுச்சதை திரண்டிருக்கும், இன்னொன்னு வெறும் வயிறு. தராசு ரெண்டையும் ஒன்னுங்கும். கத்தி போட்டாத்தான் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்றது விரல்தான்.

கரிசல்காட்டான்:
பாய், நீங்க மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றி. ஆனா நீங்க 7,200-க்கா வாங்குறீங்க? உங்க கைக்கு வர்றப்போ என்ன விலை?

மேலப்பாளையம் கறிக்கடை:
சந்தைக்கு நானே போனா அந்த விலைதான். போக முடியாத வாரம் வியாபாரி கொண்டு வந்து கொடுப்பார், அப்ப அந்தக் குட்டி 7,700, 7,800. அந்த வாரம் எனக்கு ஒன்னும் நிக்காது. கடை பூட்டிக் கிடக்கக் கூடாதுன்னு வாங்குறேன்.

கரிசல்காட்டான்:
அப்ப வளக்கறவனுக்கும் இல்ல, வெட்டுறவனுக்கும் இல்ல. நடுவுல 500, 600 நிக்குதே, அது யாருக்கு?

தரகர் வீட்டுப் பிள்ளை:
அதுக்கு நான் பதில் சொல்றேன். எங்க அப்பா 30 வருசம் துண்டுக்கடியில விரல் பிடிச்சு, அடுத்தவனுக்குத் தெரியாம விலை பேசினவர். எங்க தரகு ஒரு உருப்படிக்கு 50, 100. அது போக மிச்சம் வியாபாரிக்கு. அதுக்கு அவர் என்ன பண்றார்னு யாரும் யோசிக்கிறதே இல்ல.

சந்தையில உங்களுக்குக் காசு எப்ப வந்துச்சு? கயிறை மாத்தின அந்த நிமிசம், கையில, நோட்டா. அதே வியாபாரி கறிக்கடைக்குக் கடனுக்குத்தான் கொடுக்கிறார். ஞாயித்துக்கிழமை வித்து அடுத்த வாரம் பாதி வரும், மீதி எப்ப வரும்னு தெரியாது. வண்டியில நாலு குட்டி மிதிபட்டுச் செத்தா அவர் தலையில. உங்க 500 அந்தக் கடனுக்கும் சாவுக்கும் போற காசு. தராசு வச்சா அந்தச் செலவு எங்க போகும்? உயிர் எடைக் கிலோ விலையில குறைச்சுத்தான் கேப்பாங்க.

இன்னொன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போனது எந்த மாசம்?

கரிசல்காட்டான்:
புரட்டாசி மூணாம் வாரம்.

தரகர் வீட்டுப் பிள்ளை:
அதைத் தலைப்புலயே போட்டிருக்கணும். ஊர்ல பாதி வீடு கறி எடுக்காத மாசம். தீபாவளிக்கு முந்தின சந்தையில இதே குட்டி என்ன விலைக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும். நீங்க தராசைத் திட்டுறீங்களா, பஞ்சாங்கத்தைத் திட்டுறீங்களா?

கரிசல்காட்டான்:
தெரியாம விக்கல தம்பி. எங்களுக்கு மழை ஐப்பசியில இறங்கும். அதுக்கு முன்னாடி உளுந்து, மக்காச்சோளம் விதை வாங்கணும், உழவு ஓட்டணும், அடியுரம் போடணும். எல்லாச் செலவும் புரட்டாசியில. கரிசக்காட்டுல ஆடுங்கறது விதைப்புக்குச் சேத்து வச்ச உண்டியல். சந்தைக்கு அது தெரியும். இந்த மாசம் இவன் திருப்பி ஓட்டிட்டுப் போக மாட்டான்னு தெரிஞ்சுதான் மூணு பேரும் எட்டுன்னாங்க.

அப்புறம், நாலு வாரம் பொறுத்திருந்தா என்ன ஆகும்னும் சொல்லிருதேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பொறுத்தேன். மழை விழுந்த பத்தாம் நாள் நீலநாக்கு நோய். உதடு வீங்கி, மூக்குல சளி ஒழுகி, கால் குளம்புக்கு மேல சிவந்து, நிக்க முடியாம ரெண்டு குட்டி போச்சு. மூணு குட்டி பிழைச்சுது, எலும்பும் தோலுமா. தீபாவளிக்கு யார் வாங்குவா அதை?

பரண்காரன்:
அண்ணா வணக்கமுங்க. அந்த 400 ரூபாய் ஆளுக நாங்கதானுங்க. காங்கேயம் பக்கம், வளக்கறது மேச்சேரிச் செம்மறி. தேசிய கால்நடை இயக்கத்துல 100 பெட்டை 5 கிடா அலகு, 50 சதவீத மானியம், உச்சம் 10 லட்சம், அதுல போட்டது. மூணு வருசமா எடைக்குத்தான் குடுக்கறனுங்க. அதனால சொல்றேன், தராசு வந்தா எல்லாம் சரியாயிருமுன்னு நினைக்காதீங்க.

எங்ககிட்ட வாங்கறவங்க காலையில 6 மணிக்கு, முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து தீனி தண்ணி காட்டாத குட்டியத்தான் எடை போடுவாங்க. மறந்து காட்டிட்டா குட்டிக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கழிவு. அது சரிதான். ஏன்னா நாக்குல உப்பைத் தடவி, தண்ணிய வயிறு முட்டக் காட்டி தராசுல ஏத்தற ஆளுகளும் இருக்காங்க. தராசு வந்தவுடனே அதுதான் முதல்ல வரும்.

காசு விசயத்துல தரகர் தம்பி சொன்னது நெசமுங்க. எடைக்கு வாங்கற ஒருத்தருக்கு நாலு லோடு குடுத்தேன். மூணு லோடுக்குப் பணம் சரியா வந்துச்சு. நாலாவதுக்கு ரெண்டு மாசம் நாயா அலைய வச்சாங்க. அந்த ரெண்டு மாசமும் தீவனக்கடையில நான் கடன். சந்தையில வித்திருந்தா கம்மியானாலும் அன்னிக்கே கையில காசு.

கரிசல்காட்டான்:
அப்ப தராசும் வேணும், அன்னிக்கே காசும் வேணும். ரெண்டையும் சேத்துக் கேக்கறதுல என்ன தப்பு? காலையில 6 மணிக்கு வாசல்ல எடை, சீட்டு. அதுக்கப்புறம் தண்ணி காட்டுனா காட்டட்டும், சீட்டு மாறாது. பாய் சொன்ன மாதிரி விரலை வச்சு, "உன் 22 கிலோவுல கறி கம்மி, 350-க்கு மேல தர மாட்டேன்"னு சொல்லட்டும். அது விவாதம். எனக்குப் பதில் சொல்ல ஒரு நம்பர் இருக்கும். இப்ப அவர் "எட்டு"ங்கறார், நான் "இல்ல"ங்கறேன். அதுக்கு மேல பேச எங்கிட்ட ஒன்னும் இல்ல.

தரகர் வீட்டுப் பிள்ளை:
எட்டயபுரம் மாதிரி சந்தைக்கு தீபாவளி வாரம் எத்தனை உருப்படி இறங்கும்னு பாத்திருக்கீங்களா? ஒவ்வொன்னையும் மேடையில ஏத்தி இறக்க ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிரும், விக்காத குட்டி வெயில்ல சுருண்டுரும். துண்டுக்கடியில ஒரு வியாபாரம் ரெண்டு நிமிசத்துல முடியும். அதோட, முத்திரை வச்ச தராசுன்னு சொல்றீங்களே, மின்னணுத் தராசுக்கு வருசம் வருசம் முத்திரை புதுப்பிக்கணும், அதை யார் பாப்பாங்க? நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

செஞ்சி நாலாடு:
நான் ஒரு விஷயம் கேக்கலாமா? நீங்க எல்லாரும் சந்தைக்குப் போறவங்க. நான் போனதே இல்ல. 2012-ல அரசாங்கம் கொடுத்த நாலு வெள்ளாடுதான் ஆரம்பம், இப்ப பதினாலு நிக்குது. செஞ்சி வெள்ளிக்கிழமை சந்தை எங்க ஊர்லருந்து இருபது கிலோமீட்டர். ஒரு ஆட்டைக் கயிறு பிடிச்சு பஸ்ஸில ஏற முடியாது. ஒரு ஆட்டுக்காகக் குட்டியானை வண்டி பிடிச்சா ஆயிரம் ரூபா. அதனால வாசலுக்கு வர்றவர்கிட்டதான் கொடுக்கிறேன். அவர் வர்றதே பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டற மாசம் பாத்து. சந்தை வாசல்ல தராசு வச்சா எனக்கு என்ன லாபம் அண்ணா?

மேலப்பாளையம் கறிக்கடை:
இந்தத் தங்கச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. வாசல் வியாபாரத்துல விரலும் இல்ல, தராசும் இல்ல. கண்ணால பாத்துட்டு ஒரு விலை. எங்களுக்கு வர்ற வெள்ளாட்டுல முக்காவாசி அப்படி வாங்கினதுதான்.

பரண்காரன்:
அக்கா, தராசு இல்லாட்டியும் எடை தெரிஞ்சுக்கலாமுங்க. தையக்காரர் வச்சிருக்கற இஞ்ச் டேப் போதும். ஆட்டை சமதரையில நாலு காலும் நேரா நிக்க வைங்க. முன்னங்கால் இடுக்குக்குப் பின்னால மார்பைச் சுத்தி ஒரு அளவு. முடி அமுங்கற அளவுக்கு, இறுக்க வேண்டாமுங்க. அடுத்து தோள் முனையில இருந்து பின்னால வால் பக்கத்து எலும்பு வரைக்கும் நீளம். மார்பளவை அதே மார்பளவால பெருக்குங்க, வர்றதை நீளத்தால பெருக்குங்க, 660-ஆல வகுங்க. கிலோ வந்துரும். மார்பு 24, நீளம் 23 இஞ்ச்னா 20 கிலோ. நான் தராசு வாங்கறதுக்கு முன்னால ஒரு வருசம் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு கிலோ முன்ன பின்ன இருக்கும். சினை ஆட்டுக்கு மட்டும் நம்பாதீங்க.

கரிசல்காட்டான்:
இது எனக்கும் தெரியாது. 30 வருசம் ஆடு வளக்கிறேன்.

தரகர் வீட்டுப் பிள்ளை:
டேப்பைச் சந்தைக்குக் கொண்டு வாங்க, நான் தடுக்கல. கட்டாயம்னு சட்டம் போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

மேலப்பாளையம் கறிக்கடை:
தம்பி, எனக்கு ஒரு யோசனை. அண்ணாச்சி தன்னோட தொங்குதராசை அடுத்த சனிக்கிழமை எட்டயபுரத்துக்குக் கொண்டு வரட்டும். நான் வாங்குற குட்டியை விரல் வச்சு கறி எவ்வளவுன்னு முதல்ல சொல்றேன், அப்புறம் தராசுல மாட்டுவோம், கடையில அறுத்த பிறகு கறி எடையை இங்கயே எழுதுறேன். பத்துக் குட்டி. யார் சொன்னது சரின்னு அப்ப பேசுவோம்.

கரிசல்காட்டான்:
வர்றேன் பாய். காலையில ஆறு மணிக்கு நிப்பேன்.

செஞ்சி நாலாடு:
இப்பத்தான் பையனைப் பிடிக்கச் சொல்லி டேப் வச்சுப் பாத்தேன். கொட்டாயில இருக்கறதுலயே பெரிய கிடா. மார்பு 27, நீளம் 25. கணக்கு போடத் தெரியல, யாராவது சொல்லுங்க.

பரண்காரன்:
27 கிலோ 600 கிராமுங்க அக்கா. விலை ஏதாச்சும் கேட்டிருக்காங்களா?

செஞ்சி நாலாடு:
நேத்து வாசல்ல 6,500 கேட்டார். நாளைக்குக் காலையில வந்து பிடிச்சுக்கறேன்னு சொல்லிட்டுப் போனார். முன்பணம் எதுவும் நான் வாங்கல.

மேலப்பாளையம் கறிக்கடை:
கிலோ 235 விழுது. கொடுத்துராதம்மா.