7 புள்ளி கேஸ் டிராப்பர் கத்தி: மான் வேட்டைக்கு எடுத்துப் போகலாமா, பெட்டியில் வைக்கலாமா?

புதுக்கத்தி:
கேஸ் (Case) என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இரண்டு பிளேடு. மூடினால் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. பிளேடின் அடியில் கேஸ் எக்ஸ்எக்ஸ், யுஎஸ்ஏ, அதன் கீழ் 7 புள்ளி, இன்னொரு இடத்தில் 6254. பிடி பழுப்பு, சொரசொரப்பு. எந்த வருஷம்? பென்சில்வேனியாவில் நவம்பர் கடைசியில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்குகிறது. இதையே கொண்டுபோகலாமா, தனியாக ஒன்று வாங்க வேண்டுமா?

எலும்புப்பிடி:
புள்ளிதான் வருஷம். 1970இல் 10 புள்ளி போட்டார்கள், பிறகு வருஷத்துக்கு ஒன்று குறைத்தார்கள். அந்தக் கணக்கில் 7 என்றால் 1973. ஆனால் 1980இல் மறுபடி 10இலிருந்து ஆரம்பித்ததால் 1983க்கும் 7தான் வரும். கேஸ் என்ற பெயரில் உள்ள எஸ் எழுத்தைப் பாருங்கள். மின்னல் மாதிரி உடைந்து கூர்கூராக இருந்தால் 80கள், சாதாரணமாக வளைந்திருந்தால் 70கள்.

6254இல் முதல் 6 பிடியைக் குறிக்கும்: கொத்திய எலும்பு. 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் சிந்தெடிக். அடுத்த 2 பிளேடுகளின் எண்ணிக்கை. 54 டிராப்பர் வடிவம்: கூர்நுனி கிளிப் பிளேடு ஒன்று, மொண்ணை நுனி ஸ்பே பிளேடு ஒன்று. பின்னால் எஸ்எஸ்பி இல்லை என்பதால் ஸ்டெயின்லெஸ் கிடையாது, குரோம் வனேடியம் சேர்ந்த கார்பன் ஸ்டீல்.

6 இருந்தாலே எலும்பு என்று முடிவு கட்டாதீர்கள். எலும்பு மாதிரி வார்த்த டெல்ரின் பிளாஸ்டிக் பிடிக்கும் இதே 6ஐத்தான் போட்டார்கள். 10 மடங்கு லென்ஸில் பிடியின் ஓரத்தைப் பாருங்கள். எலும்பு என்றால் பொடிப்பொடியாகக் கறுத்த துளைகளும் மெல்லிய கோடுகளும் தெரியும், ரத்தக்குழாய் ஓடிய தடம் அது. டெல்ரினில் ஒன்றும் இருக்காது. சூடான ஊசியை வைத்துப் பார் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், உண்மை தெரிவதற்குள் பிடியில் ஓட்டை விழுந்திருக்கும்.

அடுத்து, முத்திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் தேய்த்த கத்தியில் ஓரப் புள்ளி அழிந்து 8 புள்ளி 7 ஆகியிருக்கலாம். பழைய முத்திரையைத் தேய்த்துவிட்டு வேறு அடித்திருந்தால் அந்த இடம் மெலிந்து, பிளேடுக்கும் உள்தகட்டுக்கும் (பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகடு) நடுவே இடைவெளி தெரியும், ஆட்டமும் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் பெட்டியில் வையுங்கள். மான் ரத்தம் படவேண்டிய கத்தி இல்லை அது.

சாணைக்கல்:
முதல் பாதிக்கு நன்றி. கடைசி வரியில்தான் சண்டை. டிராப்பர் லட்சாதிபதிக்குச் செய்த கத்தி இல்லை சார். பொறி வைத்து விலங்கு பிடித்தவர்கள் தோலுரிக்க வாங்கிய சாமான். கல் படாத, பெட்டியோடு உள்ள 1973 கத்திக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுப்பார். ஒரு தடவை கல்லில் தேய்த்ததும் அந்த விலை போய்விட்டது. பிறகு பூட்டி வைத்து என்ன லாபம்?

புதுக்கத்தி, உங்களுடையது எந்த வகை என்று பார்க்க வழி இருக்கிறது. வாய் ஓரத்தில் ஒழுங்கில்லாத கீறல்கள் இருந்தால் கல் பட்டிருக்கிறது. மூடிய நிலையில் பிளேடின் நுனி உள்தகட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தால் நிறையத் தேய்ந்திருக்கிறது. பிளேடைப் பாதி திறங்கள், முழுக்கத் திறங்கள். இரண்டு நிலையிலும் முதுகு ஸ்பிரிங் பிடியோடு மட்டமாக நின்றால் கத்தி நல்ல உடம்போடு இருக்கிறது.

எலும்புப்பிடி:
இன்னொன்றும் பாருங்கள். மெதுவாக மூடும்போது வாய் ஸ்பிரிங்கில் தட்டுகிறதா? வாய்க்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கூர் இல்லாத ஒரு சின்ன மேடு உண்டு, மூடும்போது ஸ்பிரிங்கில் உட்காருவது அதுதான். சாணைக்காரர் அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் மூடும் ஒவ்வொரு தடவையும் கூர் மழுங்கும்.

குடலெடுப்பான்:
விலையைப் பற்றியே இரண்டு பேரும் பேசுகிறீர்கள். டிராப்பரில் லாக் கிடையாது. பிளேடை நிறுத்தி வைப்பது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். மானின் வயிற்றைத் திறக்கும்போது வாயை மேல்நோக்கித் திருப்பி, இடதுகை இரண்டு விரலை கவட்டை போல வைத்து, அதன் நடுவே பிளேடை நகர்த்த வேண்டும். கை முழுக்க ரத்தமும் கொழுப்பும். நுனி எங்கேயாவது மாட்டி முதுகுப்பக்கம் அழுத்தம் விழுந்தால் பிளேடு மடிந்து வலதுகை விரலில்தான் இறங்கும்.

சாணைக்கல்:
இழுத்து அறுப்பவனுக்கு அது நடக்காது. நெம்புகிறவனுக்கும் குத்துகிறவனுக்கும்தான் மடங்கும். நெஞ்செலும்பையும் இடுப்பெலும்பையும் மடக்குக் கத்தியால் பிளக்காதீர்கள், அதற்குச் சின்ன ரம்பம் இருக்கிறது. வயிற்றைத் திறக்கக் கூர்நுனி கிளிப் பிளேடை எடுக்காதீர்கள், இரைப்பையைக் குத்தி இறைச்சியை நாற அடித்துவிடும். ஸ்பே பிளேடை எடுங்கள். கன்றுகளுக்குக் காயடிக்க வந்த வடிவம் அது, நுனி மொண்ணை, தோலை ஓட்டை போடாது. லாக் இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் லாக் உள்ள மடக்குக் கத்தியான பக் 110 வாங்கட்டும்.

குடலெடுப்பான்:
பக் 110 நல்ல கத்திதான். 3¾ அங்குலப் பிளேடு, 1960களிலிருந்து அதே வடிவம். ஆனால் நீங்கள் வேண்டாம் என்ற அதே கிளிப் நுனிதான் அதிலும் இருக்கிறது. லாக் பள்ளத்தில் கொழுப்பு உறைந்தால் லாக்கின் நாக்கு முழுசாக உட்காராது. பூட்டியது போல டக்கென்று சத்தம் வரும், பூட்டியிருக்காது. லாக் இல்லாததைவிட அது மோசம்.

சரி, லாக்கை விடுங்கள். பென்சில்வேனியாவில் சிடபிள்யூடி என்கிற மெலிவு நோய் மானில் 2012லேயே கண்டுபிடிக்கப்பட்டது. காரணம் பிரியான் என்ற புரதம். வேகவைத்தாலும் சாகாது, ஸ்பிரிட்டில் துடைத்தாலும் சாகாது. மனிதருக்கு வந்ததாக உறுதியான பதிவு இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிடாதே என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. 2019இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் விஞ்ஞானிகள் சோதித்தார்கள்: வீட்டு ப்ளீச் 40 சதவீதக் கரைசலில் 5 நிமிஷம் ஊறிய ஸ்டெயின்லெஸ் கம்பியில் சிடபிள்யூடி பிரியான் செயலிழந்தது. ஆனால் முழுத் திசுத் துண்டுக்குள் ப்ளீச் இறங்கவில்லை.

இப்போது டிராப்பரைப் பாருங்கள். மூட்டுக்குள் மாட்டிய துணுக்கு வெளியே வராது, ப்ளீச் அதற்குள் போகாது. கத்தியையே முக்கினால் கார்பன் பிளேடு அன்றைக்கே துருப்பிடிக்கும், பித்தளை உள்தகடு கறுக்கும், எலும்பு வெளுக்கும். கேஸ் மட்டுமில்லை, எந்த மடக்குக் கத்திக்கும் இந்த மூட்டுப் பிரச்சினை உண்டு.

சாணைக்கல்:
பிரியான் அதிகம் சேர்வது மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளில். குடல் எடுக்கும்போது தண்டுவடத்தில் யார் கத்தி வைக்கிறார்கள்?

குடலெடுப்பான்:
குடலோடு மண்ணீரலும் வருகிறதே. தலையை எடுக்கும்போது மண்டைக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே கத்தி போகும், அங்கே தண்டுவடம் அறுபடும். பரிசோதனைக்கு எடுக்கும் நிணநீர் முடிச்சும் தொண்டைக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த வேலைக்கு வேறு கத்தி வைத்துக்கொள்வேன் என்றால் பேச்சு முடிந்தது. ஒரே கத்தியில் எல்லாம் செய்வேன் என்றால் மடக்காத கத்தி, ஸ்டெயின்லெஸ், பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி.

எலும்புப்பிடி:
இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பேச்சு பென்சில்வேனியாவைப் பற்றி. இந்தியாவில் மான் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

புதுக்கத்தி:
எஸ் வளைந்துதான் இருக்கிறது. லென்ஸில் கறுப்புத் துளைகளும் தெரிகின்றன. ஆனால் இரண்டு பிளேடிலும் கல் பட்ட கீறல். மானுக்கு என்ன வாங்கலாம்?

குடலெடுப்பான்:
மோரா கம்பேனியன் ஸ்டெயின்லெஸ் என்ற மடக்காத கத்தி போதும், விலையும் குறைவு. பிளேடு 10.4 செ.மீ., இதற்கு மேல் நீளம் வேண்டாம். ஆறு அங்குலக் கத்தியை வயிற்றுக்குள் விட்டால் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிடியில் ஆரஞ்சு நிறம் கிடைத்தால் எடுங்கள், உதிர்ந்த இலைக்குள் பச்சைப் பிடி காணாமல் போகும்.

சாணைக்கல்:
ஒத்துக்கொள்கிறேன், மானுக்கு மட்டும். முயலுக்கும் அணிலுக்கும் சிடபிள்யூடி கிடையாது, டிராப்பருக்கு அதுதான் சரியான வேலை. முயலுக்குக் கையுறை மறக்காதீர்கள், துலரீமியா என்று முயலிடமிருந்து தொற்றும் வேறொரு நோய் இருக்கிறது. வேலை முடிந்ததும் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, மூட்டைப் பல்குச்சியால் தோண்டி, நன்றாகக் காயவிட்டு, மினரல் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். சாணை ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி.

எலும்புப்பிடி:
கல் பட்ட கத்தி என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பிளேடில் சாம்பல் நீலத்தில் படர்ந்திருப்பதைப் பளபளப்பாக்க வேண்டாம். செந்துரு இருந்தால் மட்டும் எண்ணெய் தொட்ட நாலு பூஜ்ய (0000, மிக மெல்லிய) ஸ்டீல் ஊலால் மெதுவாக எடுங்கள், முத்திரைப் பக்கம் போகாதீர்கள். தோல் உறைக்குள் போட்டு மாசக்கணக்கில் வைக்கவும் கூடாது. தோலின் அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும்.

புதுக்கத்தி:
ப்ளீச் அளவு?

குடலெடுப்பான்:
ப்ளீச் 400 மி.லி., தண்ணீர் 600 மி.லி., அன்றன்றைக்குக் கலந்தது. முதலில் சோப்புப் போட்டுத் துணுக்கு எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் முக்க வேண்டும். 5 நிமிஷம் ஆனதும் எடுத்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் குழி விழும்.