கீபேட் இன்டரப்ட்: ஏடிமெகா328பி ஒருமுறை விழித்தால் மறுபடி தூங்குவதில்லை

வணக்கம். அப்பாவின் மளிகைக் கடை கல்லாப்பெட்டிக்கு ஒரு நம்பர் பூட்டு செய்கிறேன். 10 நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

சிப் தனி ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், உள் கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ், மூன்று ஏஏ பேட்டரி. 4x4 கீபேடின் காலங்கள் (column) பிடி4 முதல் பிடி7 வரையுள்ள பின்களில், உள் புல்அப்புடன் (சும்மா இருக்கும்போது பின்னை ஹையில் வைக்கும் ரெசிஸ்டர்). வரிசைகள் (row) பிபி0 முதல் பிபி3. தூங்கும்போது எல்லா வரிசையும் லோ (0 வோல்ட்). எந்தப் பின் மாறினால் இன்டரப்ட் வர வேண்டும் என்று சொல்லும் பிசிஎம்எஸ்கே2-வில் 0எக்ஸ்எஃப்0 (பிடி4 முதல் பிடி7 மட்டும்) போட்டிருக்கிறேன்.

பவர் டவுனில் (ஆழ்ந்த தூக்க நிலை) மீட்டர் சில மைக்ரோ ஆம்பியர்தான் காட்டுகிறது. முதல் கீயை அழுத்தியதும் சரியாக விழித்து, எந்த கீ என்றும் சொல்லிவிடுகிறது. அப்புறம் 4 மில்லி ஆம்பியருக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. ஐஎஸ்ஆரில் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்) ஒரு எல்இடியை மாற்றிப் பார்த்தேன். கையை எடுத்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

சிப்பை மாற்றினேன். காலங்களில் 100 நானோஃபேரட் கெபாசிட்டர் வைத்தேன். டிலேயை ஐஎஸ்ஆரிலிருந்து மெயினுக்குக் கொண்டுபோனேன். எந்த கீ என்று தேடும் ஸ்கேன் முடியும்வரை பிசிஐஇ2-வை (அந்த இன்டரப்டை இயக்கும் பிட்) அணைக்கிறேன். ஆனால் அது அணைந்திருந்தாலும் பிசிஐஎஃப்2 கொடி (பின் மாறியதைக் குறித்துவைக்கும் பிட்) ஏறுமே! ஸ்கேனே காலங்களை ஆட்டுவதால் அதன் மேல்தான் என் சந்தேகம். கொடியில் 1 எழுதி அழித்தும் பார்த்தாயிற்று, ஆனால் வரிசைகளை லோ ஆக்குவதற்கு முன்.

வரிசைகளை லோ ஆக்குவது, கீ விடுபடும்வரை காத்திருப்பது, கொடியை அழிப்பது, பிசிஐஇ2-வை இயக்குவது, இந்த நான்கில் தூங்குவதற்கு முன் எதை முதலில், எதை அடுத்து செய்ய வேண்டும்?