20:20:20 உரக் கலவைக்கு 'தீர்வு இல்லை' என்றே வருகிறது. கணக்கில் எங்கே பார்க்க வேண்டும்?

கலவைக்காரன்:

வணக்கம். உரக் கலவைக் கணக்கு ஒன்றை லீனியர் புரோகிராமிங்காக (நேரியல் கட்டுப்பாடுகளுக்குள் ஒரு நேரியல் அளவைச் சிறுமமாக்கும் அல்லது பெருமமாக்கும் கணக்கு) எழுதி, பைதானின் சைபை நூலகத்தில் இதைத் தீர்க்க உள்ள லின்ப்ராக் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு டன் கலவைக்கு எந்த மூலப்பொருளை எத்தனை கிலோ போட்டால் செலவு குறையும் என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பவை மூன்று. யூரியாவில் தழைச்சத்து 46%. டிஏபியில் தழைச்சத்து 18%, மணிச்சத்து 46%. பொட்டாஷில் சாம்பல் சத்து 60%. எடை குறைந்தால் நிரப்புவதற்குச் சத்தில்லாத நிரப்புப் பொருள் இருக்கிறது. எடைகளை யூ, டி, பொ, நி என்று வைத்துக்கொண்டேன். 20:20:20 (தழை:மணி:சாம்பல் சதவீதம்) கலவை என்றால் ஆயிரம் கிலோவில் ஒவ்வொரு சத்தும் குறைந்தது 200 கிலோ இருக்க வேண்டும்:

0.46 யூ + 0.18 டி ≥ 200
0.46 டி ≥ 200
0.60 பொ ≥ 200
யூ + டி + பொ + நி = 1000

ஓட்டினால் ஸ்டேட்டஸ் 2, அதாவது கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற தீர்வே கிடையாது என்கிறது. விலைகளை மாற்றி மாற்றிப் போட்டேன், அப்போதும் அதே பதில். நான்கே வரி உள்ள கணக்கில் என்ன தப்பு இருக்க முடியும்? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

தராசுமுள்:

முதலில் விலைகளைத் தொடாதீர்கள். விலை குறிக்கோள் சார்பில், அதாவது எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிற வரியில் மட்டும்தான் இருக்கிறது. தீர்வு உண்டா இல்லையா என்பதைக் கட்டுப்பாடுகள்தான் தீர்மானிக்கும். விலை எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கி ஓட்டினாலும் ஸ்டேட்டஸ் 2 தான் வரும். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குறி. லின்ப்ராக் சமனின்மைகளை ≤ வடிவில்தான் வாங்கும். உங்கள் ≥ வரிகளை இரண்டு பக்கமும் −1 ஆல் பெருக்கிக் கொடுத்தீர்களா? வலப்பக்கத்தை மட்டும் பெருக்கியிருந்தால் இதே பதில்தான் வரும்.

சுலபமாகச் சோதிக்க ஒரு வழி, உறுதியாகத் தீர்வு இருக்கிற ஒரு கலவையைக் கொடுத்துப் பார்ப்பது. 200-க்குப் பதில் 170 போட்டு 17:17:17 ஓட்டிப் பாருங்கள். இந்த மூன்று பொருளையும் வைத்து அதைச் செய்ய முடியும்.

பின்னால் உதவும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மொத்த எடையை 1000 என்று கட்டிவைக்காமல் அதையும் மாறியாக விட்டால், 'சத்து ÷ மொத்த எடை ≥ 0.20' என்று எழுதத்தான் கை போகும். அப்படி எழுதினால் கணக்கு நேரியலாக இருக்காது. மொத்த எடையை வலப்பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கி எழுதினால் போதும். எக்செல் சால்வரில் நேரியல் இல்லை என்ற எச்சரிக்கை வரும்போதும் பல சமயம் இந்த வகுத்தல்தான் காரணமாக இருக்கும்.

கலவைக்காரன்:

நன்றி சார். குறிகள் இரண்டு பக்கமும் சரியாகவே மாறியிருக்கின்றன. 17:17:17 உடனே வந்துவிட்டது: யூரியா 225, டிஏபி 369.6, பொட்டாஷ் 283.3, மீதி 122 கிலோ நிரப்புப் பொருள். கையால் பெருக்கிப் பார்த்தேன், மூன்று சத்தும் 170 வருகிறது. 19:19:19-க்கும் தீர்வு இருக்கிறது. 20-க்குப் போனால் மட்டும் இல்லை என்கிறது. அப்படியானால் நிரல் சரி, இலக்குதான் பிரச்சினையா? அதை எப்படி உறுதி செய்வது? கேட்பவரிடம் 'கணினி முடியாது என்கிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாதே.

கணக்கு டீச்சர்:

இது நல்ல கேள்வி தம்பி. 'முடியாது' என்பதற்கும் சான்று உண்டு. பலர் ஸ்டேட்டஸ் 2 வந்ததும் நிரலைப் பிரித்துப் போட்டுத் தேட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

உங்கள் முதல் வரியை 2.174 ஆல் பெருக்குங்கள். இரண்டாவதை 1.323 ஆல், மூன்றாவதை 1.667 ஆல். மூன்றையும் கூட்டுங்கள். இடப்பக்கத்தில் யூரியாவின் கெழு 0.46 × 2.174, அதாவது 1. டிஏபிக்கு 0.18 × 2.174 + 0.46 × 1.323, அதுவும் 1. பொட்டாஷுக்கு 0.60 × 1.667, அதுவும் 1. ஆக இடப்பக்கம் வெறும் யூ + டி + பொ. வலப்பக்கம் 200 × (2.174 + 1.323 + 1.667) = 1032.8.

அதாவது மூன்று சத்து வரிகளும் சேர்ந்து 'மூலப்பொருள்களின் எடையே குறைந்தது 1032.8 கிலோ வேண்டும்' என்கின்றன. நான்காவது வரி மொத்தமே 1000 என்கிறது. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. எந்த மென்பொருளை மாற்றினாலும் இது மாறாது. கேட்பவரிடம் இந்தக் கூட்டலைக் காட்டுங்கள், ஒரு தாளில் அடங்கிவிடும்.

இது ஏதோ இந்தக் கணக்குக்கு மட்டும் அமைந்த வசதி இல்லை. ஒரு நேரியல் சமனின்மைத் தொகுதிக்குத் தீர்வு இல்லையென்றால், வரிகளைத் தகுந்த எண்களால் பெருக்கிக் கூட்டி இப்படி ஒரு முரண்பாட்டை எப்போதும் காட்ட முடியும். ஃபார்க்காஸ் 1902-ல் வெளியிட்ட தேற்றம் சொல்வது இதைத்தான். தீர்வு இருந்தால் தீர்வைக் காட்டலாம், இல்லையென்றால் பெருக்கிகளைக் காட்டலாம். லீனியர் புரோகிராமிங்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். எடை 1000 என்ற வரியை எடுத்துவிடுங்கள், விலைக்குப் பதிலாக 'யூ + டி + பொ' என்ற மொத்த எடையைச் சிறுமமாக்குங்கள். 1032.8 என்று விடை வரும். அதோடு லின்ப்ராக் தருகிற மார்ஜினல்ஸ் மதிப்புகளைப் பாருங்கள், அந்த மூன்று எண்களும் மைனஸ் குறியோடு அங்கே இருக்கும். இவைதான் நிழல் விலைகள். இங்கே பொருள் எளிது: ஒரு கிலோ தழைச்சத்து கூடுதலாகக் கேட்டால் கலவையின் எடை 2.17 கிலோ ஏறும், மணிச்சத்து என்றால் 1.32 கிலோ, சாம்பல் சத்து என்றால் 1.67 கிலோ. மூன்றையும் கூட்டினால் 5.164. ஆயிரத்தை அதால் வகுத்தால் 193.7. மூன்றும் சமமாக வேண்டுமென்றால் இந்தப் பொருள்களால் 19.37 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. 19 வந்து 20 வராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

கலவைக்காரன்:

டீச்சர், பெருக்கிப் பார்த்தேன், அப்படியே வருகிறது. இவ்வளவு தெளிவாக ஒரு 'முடியாது' கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அடுத்த கேள்வி. கேட்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் எந்தச் சத்தைக் குறைப்பது நல்லது? அல்லது வேறு மூலப்பொருள் சேர்த்தால் 20 வருமா? எம்ஏபி எனும் மோனோ அமோனியம் பாஸ்பேட் (11:52:0), பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45), எம்கேபி எனும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) மூன்றும் கிடைக்கும், ஆனால் விலை கூடியவை. ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்கவா?

தராசுமுள்:

விட்டுக்கொடுக்கும் கேள்விக்கு நான் சொல்கிறேன். ஒவ்வொரு சத்து வரியிலும் 'பற்றாக்குறை' என்று ஒரு புது மாறி சேருங்கள்: 0.46 யூ + 0.18 டி + ப₁ ≥ 200, இப்படியே மற்ற இரண்டுக்கும். பிறகு ப₁ + ப₂ + ப₃ என்ற கூட்டுத்தொகையைச் சிறுமமாக்குங்கள். இப்போது தீர்வு இல்லாமல் போகவே போகாது.

விடை தழைச்சத்தில் மட்டும் 15.07 கிலோ குறையும் என்று வரும். அதாவது ஏறத்தாழ 18.5:20:20. காரணம் டீச்சர் சொன்ன எண்களிலேயே இருக்கிறது. 32.8 கிலோ எடையைக் குறைக்க வேண்டும், தழைச்சத்தில் ஒரு கிலோ விட்டால் 2.17 கிலோ இறங்குகிறது, மற்ற எதிலும் அவ்வளவு இறங்காது. ஆனால் இது 'மொத்தப் பற்றாக்குறை' என்ற அளவுகோலுக்கான விடை மட்டுமே. பயிருக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. தழைச்சத்தில் கைவைக்கக் கூடாது என்றால் ப₁-க்குக் கூடுதல் எடை கொடுங்கள். மூன்றும் சமமாகக் குறையட்டும் என்றால் மூன்றுக்கும் ஒரே ப போடுங்கள், அதே 19.37-க்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பற்றாக்குறைக்கு நூறு கோடி மாதிரி பிரம்மாண்டமான அபராதம் போட்டு, விலையோடு ஒரே குறிக்கோளில் கலக்காதீர்கள். 0.18 மாதிரி கெழுக்களுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய எண் வந்தால் மென்பொருளின் துல்லியம் அடிபடும், வருகிற விடையை நம்ப முடியாது. முதல் சுற்றில் பற்றாக்குறையை மட்டும் குறையுங்கள். வந்த மதிப்பைக் கட்டுப்பாடாகப் பூட்டிவிட்டு, இரண்டாவது சுற்றில் செலவைக் குறையுங்கள்.

கணக்கு டீச்சர்:

புதுப் பொருள்களை ஒவ்வொன்றாக ஓட்டத் தேவையில்லை தம்பி. நிழல் விலைகள் கையில் இருக்கும்போது ஒரு பெருக்கலும் கூட்டலும் போதும். ஒரு கிலோ பொருளில் உள்ள சத்துகளை அந்த விலைகளால் பெருக்கிக் கூட்டுங்கள். 1-ஐத் தாண்டினால் அந்தப் பொருள் எடையைக் குறைக்கும், தாண்டாவிட்டால் குறைக்காது.

எம்ஏபி: 0.11 × 2.174 + 0.52 × 1.323 = 0.927. மணிச்சத்து 52% என்றதும் ஆசையாக இருக்கும், ஆனால் 1-க்குக் கீழே. டிஏபியில் இருக்கிற தழைச்சத்தை இழந்து யூரியாவைக் கூட்ட வேண்டி வருவதால் எடை ஏறத்தான் செய்யும்.

பொட்டாசியம் நைட்ரேட்: 0.13 × 2.174 + 0.45 × 1.667 = 1.033. உதவும், ஆனால் கொஞ்சம்தான். பொட்டாஷ் முழுவதையும் எடுத்துவிட்டு இதையே போட்டாலும் எடை 1018 கிலோவில் நின்றுவிடும். தனியாக இது போதாது.

எம்கேபி: 0.52 × 1.323 + 0.34 × 1.667 = 1.255. இதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு கிலோ போட்டால் 0.255 கிலோ மிச்சம். 32.8-ஐ 0.255 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 129 கிலோ. விலை அதிகம் என்பதால் அதற்கு மேல் போடத் தேவையில்லை.

இதே சோதனையைத்தான் லீனியர் புரோகிராமிங் கணக்கைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை ஒவ்வொரு படியிலும் செய்கிறது: வெளியே நிற்கிற மாறிகளில் எதை உள்ளே கொண்டுவந்தால் லாபம் என்று நடப்பு விலையில் மதிப்பிடுகிறது. டான்ட்சிக் 1947-ல் சிம்ப்ளெக்ஸைக் கொடுப்பதற்கு முன்பே, 1939-ல் லெனின்கிராடில் காண்டோரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிலின் இயந்திரங்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கை இப்படிப்பட்ட பெருக்கிகளை வைத்துத்தான் போட்டார். வெளியே நிற்கும் மாறிகள் எழுதவே முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தாலும் வழி உண்டு. நீளமான சுருள்களைத் துண்டு போடும் கணக்கில் வெட்டு முறைகள் எண்ணில் அடங்காது. கில்மோரும் கொமோரியும் 1961-ல் காட்டியபடி, எல்லாவற்றையும் எழுதிவைக்காமல் நிழல் விலையைக் கொண்டு லாபமான ஒரு வெட்டு முறையை மட்டும் ஒவ்வொரு தடவையும் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மூன்று பொருள் கணக்கில் செய்ததும் அதே வேலைதான்.

மூட்டைக்கணக்கு:

இடையில் வருகிறேன். பொருள்கள் 50 கிலோ மூட்டையாக வந்து, மூட்டையைப் பிரிக்காமல் கொட்டுகிறீர்கள் என்றால் மேலே வந்த எண்கள் அப்படியே உதவாது. அருகில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். 17:17:17-க்கு யூரியா 4.5 மூட்டை, டிஏபி 7.4, பொட்டாஷ் 5.7 வருகிறது. டிஏபியை 7 ஆக்கினால் மணிச்சத்து 161 கிலோ, கலவை தேறாது. மேலே ஏற்றி 5, 8, 6 போட்டால் 950 கிலோவில் தேறிவிடும். அங்கே நிரப்புப் பொருளுக்கு இடம் இருந்ததால் தப்பித்தீர்கள்.

19:19:19-ஐ அதே மாதிரி ஏற்றினால் 6, 9, 7, மொத்தம் 22 மூட்டை, 1100 கிலோ. மாறிகளை முழு எண் என்று அறிவித்து ஓட்டிப் பாருங்கள். லின்ப்ராக்கிலேயே அதற்கு இன்டக்ராலிட்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது.

கலவைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. எம்கேபியைச் சேர்த்து, எங்கள் விலைகளோடு ஓட்டினேன். எம்கேபி 128.6, யூரியா 321.5, டிஏபி 289.4, பொட்டாஷ் 260.5 கிலோ. கூட்டினால் சரியாக 1000, நிரப்புப் பொருள் பூஜ்ஜியம். டீச்சர் கையால் போட்ட எண்ணேதான். செலவு ஏறுகிறது, ஆனால் இனி எவ்வளவு ஏறும், எதற்காக என்று காட்ட முடியும்.

மூட்டைக் கணக்கு எங்களுக்குப் பொருந்தும், மூட்டையைப் பிரிப்பதில்லை. முழு எண் என்று போட்டு 19:19:19 ஓட்டினால் ஒரு டன்னுக்குத் தீர்வு இல்லை. எப்படி மாற்றினாலும் 21 மூட்டைக்குக் கீழே இறங்கவில்லை. கிலோவில் 19 கிலோ இடம் மிச்சமிருந்த கலவை இது! ஒரு தடவைக்கு இரண்டு டன் என்று மாற்றிப் பார்த்தேன்: யூரியா 10, டிஏபி 17, பொட்டாஷ் 13, சரியாக 40 மூட்டை. தழைச்சத்து 383, மணிச்சத்து 391, சாம்பல் சத்து 390 கிலோ, தேவை ஒவ்வொன்றிலும் 380.

இனி 19:19:19-ஐ இரண்டு டன்னாகவே கலக்கப் போகிறோம். அப்புறம் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது டீச்சர்: முழு எண் கணக்கில் மார்ஜினல்ஸ் வருகிறதே, அதை நிழல் விலையாக எடுத்துக்கொள்ளலாமா?

கணக்கு டீச்சர்:

எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மூட்டை கூடும்போது விடை படிப்படியாக ஏறாமல் தாவுகிறது, அந்தத் தாவலை ஒரு விலையால் சொல்ல முடியாது. கிலோ கணக்கில் வந்த விலைகளை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, சந்தேகம் வருகிற இடத்தில் வலப்பக்க எண்ணை மாற்றி முழு எண் கணக்கையே மறுபடி ஓட்டுங்கள். உங்கள் அளவுக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.